மயக்கி வாங்கிய ‘சரி’

1

போன பங்குனியோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. துறையூரில் தாலி ஏறிய கையோடு விமானம் ஏறியவள் என்பதால், கல்யாண நாளையும் வந்த நாளையும் சேர்த்தே கொண்டாடிவிடுவோம். கொண்டாட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் கணவர் குணா பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் ஒரு கேக் வாங்கி வருவார். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிறவர்களும் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடைக்கு வருகிறவர்களும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இந்த முறை கேக்கை வெட்டி வாயில் வைத்ததும், எங்கள் மகள் தர்ஷினி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் ஐந்தாம் படிவம், இந்த ஆண்டு அரசாங்கப் பரீட்சை.

“மா, உங்களக் கேட்டாங்களா?”

“என்னத்த?”

“அப்பாவக் கட்டிக்கிறியா, மலேசியாவுக்குப் போறியான்னு. யாராச்சும் உக்கார வச்சுக் கேட்டாங்களா?”

குணா சிரித்தார். “கேக்காம என்ன, பார்சல்லயா கொண்டாந்தேன்?”

கேட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான். எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். பெரியப்பா, மாமாக்கள், மாப்பிள்ளை வீட்டார். என் கையில் காப்பித் தட்டு. அப்பா என் பக்கம் திரும்பி, “என்னம்மா, சம்மதந்தானே?” என்றார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எல்லார் முகமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தலையாட்டினேன்.

“வாயால சொன்னீங்களா, தலைய ஆட்டுனீங்களா?” என்றாள் தர்ஷினி.

“ஆட்டுனேன்.”

“வேணாம்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அதை நான் யோசித்ததே இல்லை. குணா நல்ல மனிதர். எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அவள் மேலே கேட்காமல், தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். கருப்பு அட்டை. ஒரு வெள்ளைக் கழுத்து, அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

2

இந்தப் புத்தகங்களைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் காட்டேரி பெண். தலைவிரி கோலமாகச் சுடுகாட்டில் நிற்பவள். இங்கேயும் மலாய்க்காரர்கள் சொல்லும் ரத்தம் குடிக்கும் பேய் பெண்தான்; பொந்தியானாக் என்பார்கள், வாழைமரத்தில் இருக்குமாம். குணா பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலையானால் பிள்ளைகள் வாழைக்கொல்லைப் பக்கம் போகமாட்டார்களாம். இப்போது பெண்பிள்ளைகள் படிக்கும் நாவல்களில் வருகிற ரத்தக் காட்டேரியோ ஆண். அழகன். நன்றாக வாரிய தலை. நூறு வயதுக்கு மேல் ஆகியும் கல்லூரி மாணவன்போல் இருப்பான். எல்லா ரத்தத்தையும் குடிப்பான், ஒருத்தியின் ரத்தத்தை மட்டும் குடிக்காமல் தவிப்பான். அந்தத் தவிப்புக்குத்தான் காதல் என்று பெயர்.

“எங்க எஸ்டேட் பேயி காரு வச்சிக்கிட்டு வராதுலா” என்று குணா கேலி செய்வார். தர்ஷினிக்குக் கோபம் வரும்.

எனக்குக் கேலி வரவில்லை, கவலைதான் வந்தது. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்த பிள்ளை. இன்று ஒரு தமிழ்க் கதையைக் கொடுத்தால், வெயிலில் வெறுங்காலோடு நடப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து நின்று போகிறாள். ஆங்கிலப் புத்தகம் என்றால் சாப்பாடு தெரியாது. வைகாசி தொடக்கத்தில் அவள் பேச்சும் குறைந்தது. டியூஷனிலிருந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். போன் அடித்தால் திடுக்கிடுவாள். எல்லாம் அந்தப் பேய்ப் புத்தகத்தால்தான் என்று நினைத்தேன். அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எடுத்துப் படிக்கட்டுமா என்று கேட்டேன். ஆச்சரியப்பட்டாள். “நீங்களா? இங்கிலீஷா?” என்றாள். பிறகு முதல் பாகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

3

என் ஆங்கிலம் பில் போடுகிற அளவுக்குத்தான். போனைப் பக்கத்தின் மேல் பிடித்தால் தமிழில் காட்டும் வசதி இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு, கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் படித்தேன். அந்தக் காட்டேரி வேறொருத்தியைக் கடிக்கிற இடத்தில், “அவன் அவளைத் திருப்பினான்” என்று வந்தது. படுத்திருக்கிறவளை ஏன் திருப்பிப் போட்டான், குழந்தையா என்று தர்ஷினியிடம் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். “திருப்பலமா. மாத்திட்டான். அவளையும் வேம்பயராக்கிட்டான்.”

அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் கடைக்கு வந்து, பருப்பு எடை போட்டுக் கட்டிக்கொண்டே எனக்குக் கதை விளக்குவாள்.

குளிர்நாட்டில் ஒரு படகுத்துறை. மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிற பெண். காட்டேரி நாயகனுக்கு ஒரு சக்தி உண்டு. கண்ணுக்குள் பார்த்துச் சொன்னால், எதிரே இருப்பவர் கேட்டுவிடுவார். முதல் பாகத்தில் அவளை அப்படித்தான் தன்னோடு வரவைக்கிறான். அவள் தூங்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று காவல் காக்கிறான். அவளைத் தொந்தரவு செய்கிறவர்களை அவளுக்குத் தெரியாமலே விரட்டுகிறான். எனக்கு அது புதிதாகவே இல்லை. நாங்கள் துறையூர்க் கொட்டகையில் பார்த்த படங்களெல்லாம் இதுதானே? பஸ்ஸிலும் தெருவிலும் கோயிலிலும் அவன் பின்னாலேயே வருவான், அவள் திட்டுவாள், இடைவேளைக்குள் அவளே பாட்டுப் பாடுவாள். நாங்கள் கைதட்டினோம். பல்தான் கூர்மை இல்லை, மற்றபடி அதே ஆள்.

“அவதான் சரின்னு சொல்லிட்டு அவன்கூடப் போனாளே” என்றேன்.

“அது அவ சொன்ன சரி இல்லமா. கண்ணப் பாத்து மயக்கிச் சொல்ல வச்சது. மயக்கி வாங்குன சரி, சரியா?”

இரண்டாம் பாகத்தின் கடைசியில் அவள் கடலில் விழுந்து சாகக் கிடக்கிறாள். அவன் கடித்து, தன் இனமாக மாற்றி, உயிரைக் காப்பாற்றுகிறான். மூன்றாம் பாகம் முழுக்க அவள் அவனை மன்னிக்கவில்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

“உசுரக் காப்பாத்துனவன்மேல என்ன கோவம்? கேட்டுக்கிட்டு நின்னிருந்தா செத்திருப்பாளே?”

“அவ முன்னாடியே சொல்லிட்டாமா. செத்தாலும் பரவால்ல, என்ன மாத்தாதேன்னு. நல்லா இருக்கறப்போ யோசிச்சு சொன்னா. அவன் சரின்னு சத்தியம் வேற பண்ணான்.”

“நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன்” என்றேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். என் பிள்ளை சாகக் கிடந்தால் அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டா இருப்பேன்?

தர்ஷினி பருப்புப் பொட்டலத்தை ரப்பர் வளையம் போட்டு முடிந்தாள். “தெரியும்மா. அதான் உங்ககிட்ட சொல்லல.”

“எத?”

4

தினேஷைப் பற்றிச் சொன்னாள்.

முனியாண்டி அண்ணனும் என் கணவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, இரண்டு குடும்பமும் ஒன்றாகவே இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, மாறி வந்தன. முனியாண்டி அண்ணனின் மனைவி சரோஜா அக்காதான் எனக்கு இந்த நாட்டில் எல்லாம். மீன் கடையில் மலாய் பேசக் கற்றுக்கொடுத்தது, தர்ஷினி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்து பிள்ளையைக் கையில் வாங்கியது, பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது எல்லாம் அவர்தான். அவர்களுடைய ஒரே மகன் தினேஷ். இருபத்திரண்டு வயது, எண்ணெய் ஆலையில் மெக்கானிக். குனிந்த தலை நிமிராமல் ‘ஆன்ட்டி’ என்று பேசுகிற பையன். போன வருடம் மழைக்காலத்தில், கோல சிலாங்கூர் டியூஷனிலிருந்து தர்ஷினியைக் காரில் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். எங்களுக்குச் சந்தோஷம்.

“மொதல்ல எனக்கும் புடிச்சிருந்துச்சுமா. அவருக்கு என்னைய புடிச்சிருக்குன்னாரு. நானும் சரின்னு சொன்னேன். புக்குல வர்ற மாதிரி இருந்துச்சு.”

“அண்ணான்னுதானடி கூப்புடுவே அவன?”

“அப்பிடிக் கூப்புடக் கூடாதுன்னுட்டாரு.”

பிறகு மழை நின்ற நாளிலும் வந்தான். தோழிகளோடு பஸ்ஸில் போகிறேன் என்றால் முகம் மாறும். போனின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினான். எங்கே இருக்கிறாள் என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னான். டியூஷனில் ஒரு பையன் அவளிடம் கணக்குக் கேட்டதற்கு, அவனை வெளியே நிறுத்தி மிரட்டினான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான்: உன் பாதுகாப்புக்குத்தானே செய்கிறேன்.

“இனிமே வேணாம்னு சொன்னேன்மா. ரெண்டு வாட்டி சொன்னேன். ‘நீதான சரின்னு சொன்னே’ங்கறாரு. அப்ப சரின்னு சொன்னா, இப்ப வேணாம்னு சொல்லக் கூடாதா?”

அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் பூத்த பழைய கன்றல். கார்க் கதவைத் திறந்து இறங்கப் போனவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான்.

கடைக்கு ஆள் வந்தார். சீனி வேண்டும் என்றார். நான் சீனியை எடுத்துக் கொடுத்தேன். அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி தரையில் கொட்டியது. இத்தனை நாளும் அந்தப் புத்தகம்தான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தேன். அதன் முதல் பாகம் அவளை மயக்கியது நிஜம்தான். ஆனால் மூன்றாம் பாகத்தைப் படித்திராவிட்டால், நடப்பதற்கு என்ன பெயர் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. என்னிடமும் சொல்லியிருக்கமாட்டாள்.

“அப்பாகிட்ட சொல்லலாம்” என்றேன்.

“இப்ப வேணாம்மா. அப்பாவுக்கு முனியாண்டி மாமான்னா உசுரு. நானே சொல்றேன். கொஞ்சம் டைம் குடுங்க.”

கொடுத்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

5

மூன்று பேரும் மத்தியான வெயிலில் வந்தார்கள். சரோஜா அக்கா கையில் தாம்பாளம். வாழைப்பழம், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, சரம் சரமாக மல்லிகை. தினேஷ் புதுச் சட்டை போட்டிருந்தான். பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“பெருசா ஒண்ணுமில்ல மலரு” என்று சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பரீச்ச முடியட்டும். படிக்கணும்னா படிக்கட்டும். இப்போதைக்கு ஒரு வாக்கு மட்டும் போதும். வெளிய போயி ஏன் தேடணும், சொல்லு. நம்ம கையில வளந்த புள்ளைங்க.”

குணாவின் முகம் மலர்ந்துவிட்டது. முனியாண்டி அண்ணனோடு உறவாவது அவருக்குக் கனவில்கூட எட்டாத சந்தோஷம். “பொண்ணு ஒங்க பொண்ணுதானே” என்றார்.

தர்ஷினியைக் கூப்பிட்டார்கள். சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள்.

“என்னம்மா, மாமிக்கு மருமவளா வர்றதுக்குச் சம்மதந்தானே?” என்றார் சரோஜா அக்கா. குரலில் அவ்வளவு ஆசை.

தர்ஷினி பேசவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். முனியாண்டி அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மௌனம் சம்மதம்லா! வெத்தலையை மாத்து.”

எல்லாரும் சிரித்தார்கள். குணா தாம்பாளத்தை நோக்கிக் கை நீட்டினார்.

“இல்ல மாமா” என்றாள் தர்ஷினி. மெல்லிய குரல்தான், ஆனால் அறை அடங்கிவிட்டது. “சம்மதம்னா வாயத் தொறந்து சொல்லுவேன். எனக்குச் சம்மதம் இல்ல.”

“வெக்கப்படுது” என்றார் அண்ணன்.

“வெக்கம் இல்ல மாமா. வேணாம்.”

தினேஷ் எழுந்தான். “நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? மழையில நனையக் கூடாதுன்னு எத்தன நாளு வேலைய விட்டுட்டு வந்து நின்னேன்? எவன் செய்வான் இத?” அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அவன் செய்ததெல்லாம் அன்பு என்றே அவன் முழுமனதாக நம்பினான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகப் பயம் வந்தது.

“சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்” என்று குணா சமாளிக்கப் பார்த்தார். “மலரு, நீ சொல்லு.”

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். நான் பிரசவ வலியில் துடித்தபோது என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த மனுஷி.

“அக்கா, அவ வேணாங்கறா” என்றேன். “அவ்வளவுதான்க்கா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது.”

“நீயுமா மலரு?” என்றார் அக்கா. “மொத மொத அவளக் கையில வாங்குனவ நான்.”

தாம்பாளத்தை அவரே தூக்கிக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு ஆரஞ்சு உருண்டு சாக்கடையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

6

குணா என்னோடு பேசுவதை நிறுத்தினார். பேசிய ஒரே நாளும் சண்டைதான். “பேய்க் கதையப் படிச்சிட்டு ஆத்தாளும் மவளும் என் மானத்த வாங்கிட்டீங்க” என்றார். புத்தகங்களைக் குப்பையில் போடப் போனவரைத் தடுத்தபோது, “ஒன்ன இந்த நாட்டுக்குக் கொண்டாந்தவன் நான். மறந்துறாதே” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

அதே மாதம் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு மனைவிக்கு இங்கே தங்கும் அனுமதி கணவர் பெயரில்தான் கிடைக்கும். புதுப்பிக்க அவரும் கூடவே வந்து நிற்க வேண்டும். வந்த புதிதில் அந்தத் தாள்களில் ‘கெபெனாரான்’ என்ற மலாய்ச் சொல்லைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். உண்மைக்கும் அனுமதிக்கும் அந்த ஒரே சொல்தான். அனுமதி தாருங்கள் என்று கேட்பதாக நினைத்து, உண்மையைத் தாருங்கள் என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்து பயந்ததுண்டு. இந்த முறை வேறு பயம். அவர் வராவிட்டால்? இந்தக் கேள்வி முன்பு எனக்கு எழுந்ததே இல்லை. வருவார் என்பது சூரியன் உதிக்கும் என்பதுபோல. இப்போதுதான், நான் இங்கே மூச்சுவிடுவதற்கே இன்னொருவர் ‘சரி’ சொல்ல வேண்டியிருக்கிறது என்பது உறைத்தது.

புதுப்பிக்கப் போக வேண்டிய நாள் காலையில் குணா சொல்லாமலே சட்டை மாட்டிக்கொண்டு வந்து காரை எடுத்தார். ஷா ஆலாம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்து, இவர் உங்கள் மனைவிதானே, ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்விதான். குணா ஒரு நொடி தாமதித்தார். பிறகு “ஆமாம்” என்றார்.

திரும்பும் வழியில் ஈஜோக் தாண்டி, சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தினார். தேநீர் வந்தது. வெளியே குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அந்தப் பய ஏதாச்சும் பண்ணானா?” என்றார் என்னைப் பார்க்காமல்.

தர்ஷினி இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லையே. “அவகிட்டயே கேளுங்க” என்றேன். “அவ சொல்றத நடுவுல பேசாமக் கேளுங்க.”

வீட்டுக்குப் போய்க் கேட்டார். நான் சமையலறையில் இருந்தேன். அவள் பேசுவது மட்டும் கேட்டது, அவர் குரல் கேட்கவே இல்லை. வெளியே வந்தபோது அவர் முகம் கருத்திருந்தது. மறுநாள் பகல் இடைவேளையில் ஆலைக்குப் போய்த் தினேஷைப் பார்த்திருக்கிறார். இனி என் பிள்ளை இருக்கும் பக்கம் வந்தால் போலீசுக்குத்தான் போவேன் என்று சொன்னாராம். அதே ஆலையில் வேலை செய்யும் முனியாண்டி அண்ணன் குறுக்கே வந்து ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று குணா இன்றுவரை சொல்லவில்லை. அதோடு அந்த நட்பு முடிந்தது. லயத்து வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூங்கி வளர்ந்தவர்கள், இப்போது கோயிலில் பார்த்தால் ஆளுக்கொரு தூணைப் பார்க்கிறார்கள்.

7

தாமானில் பேச்சு பரவியது. ஊர்க்காரி பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்றார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு நான் என்றைக்கும் ‘ஊர்க்காரி’தான்; துறையூருக்குப் போன் செய்தால், என் பேச்சில் வரும் ‘லா’வைக் கேட்டுத் தங்கை என்னை மலேசியாக்காரி என்கிறாள்.

ஒரு நாள் காலையில் சரோஜா அக்கா கடைக்கு வந்தார். வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அன்றைக்கு ஏனோ வந்தார். உருளைக்கிழங்கு கூடையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். இளைத்திருந்தார்.

“அவன் சாப்புடறதில்ல” என்றார். “வேலைக்குப் போறான், வர்றான். ரூமுக்குள்ளயே கெடக்கறான்.”

“அக்கா...”

“கைய முறுக்குனானாமே. எனக்குத் தெரியாது மலரு. சத்தியமாத் தெரியாது.” ஒரு கிழங்கை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். “அவங்கப்பாவும் அப்பிடித்தான். வெளிய போவாதே, அவகூடப் பேசாதே, என்னையக் கேக்காம செய்யாதே. எல்லாம் எம்மேல உள்ள பாசம்னுதான் நான் நெனச்சேன். பதினாறுல கட்டிக் குடுத்தாங்க. என்னைய யாரு கேட்டா?”

நான் அவர் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை. ஆனால் என் பக்கம் திரும்பவும் இல்லை.

“நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார்.

அது கேள்வியா என்று தெரியவில்லை. ஆமாம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், இல்லை என்று சொன்னால் அவருடைய இத்தனை வருடத்தையும் நான் தட்டிப் பறித்ததாகிவிடும். அவர் ஒரு கிழங்குகூட வாங்காமல் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

என் மகள் சொன்ன ஒரு சொல்லால் இங்கே எனக்கிருந்த ஒரே அக்காவை இழந்துவிட்டேன். அந்தச் சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இழப்பு மட்டும் இருக்கிறது.

8

இரண்டு மாதம் நானோ குணாவோதான் தர்ஷினியை டியூஷனுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தோம். போன வாரம், இனிமேல் பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

“தனியாவா?” என்றார் குணா.

“எல்லாரும் தனியாத்தான்பா போறாங்க.”

தினேஷின் காரைக் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தரம் பார்த்ததாக அவள் தோழி சொல்லியிருந்தாள். தற்செயலாகவும் இருக்கலாம். அதைச் சொன்னேன். “எனக்கும் தெரியும்மா. பயமாத்தான் இருக்கு. வந்தான்னா போலீஸ் ரிப்போர்ட் குடுப்பேன். அதுக்காக நான் வீட்டுக்குள்ளயே இருந்தா, அப்பறம் அவன் சொன்னதத்தான நான் கேட்டமாதிரி?”

குணா போனை எடுத்தார். நயமாகத்தான் பேசினார். “ஒரு ஆப் இருக்குமா. நீ எங்க இருக்கேன்னு எங்க போன்ல காட்டும். ஒன் பாதுகாப்புக்குத்தான். போட்டுக்கறியா?”

‘ஒன் பாதுகாப்புக்கு’ என்று சொன்ன பிறகுதான், தான் யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் மாறியது. ஆனாலும் போனை நீட்டியபடியே இருந்தார். எனக்கும் அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“கேட்டீங்கல்லப்பா, தேங்க்யூ” என்றாள் தர்ஷினி. “வேணாம்பா. போய்ச் சேந்ததும் நானே மெசேஜ் போடறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டால் இந்தப் பதிலும் வரத்தான் செய்யும். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு லோரிச் சாவியைத் தேடப் போய்விட்டார்.

பெண்பிள்ளை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் செய்தது சரிதானா என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை கடைக்கு எதிரே பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையை மட்டும் லேசாகத் தூக்கினாள். பஸ் செம்பனைத் தோட்டத்து வளைவில் திரும்பியது. சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. ஒருவருக்குப் பருப்புக்குப் பதில் பச்சரிசியைக் கட்டிக் கொடுத்தேன். போனை எடுத்து எடுத்து வைத்தேன். அழைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் வந்து நின்றபோது நான் கடை வாசலில் நின்றிருந்தேன். இறங்கி, சாலையைக் கடந்து வந்தாள்.

“ஏம்மா வெளிய நிக்கிறீங்க?”

“சும்மா. உள்ள ஒரே புழுக்கம்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தாள்.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“நாலு மணியிலேர்ந்து” என்றேன்.